சம்பவம் உண்மை, நோக்கம் இரவல்: ருமேனியாவின் தேசியத் தொன்மங்கள்

ருமேனியாவில் பல தலைமுறைப் பள்ளிக் குழந்தைகள் மனப்பாடம் செய்த காட்சி ஒன்று உண்டு. போரில் தோற்ற மால்டாவியா மன்னர் மகா ஷ்டெஃபான், காயத்தோடு நள்ளிரவில் நியாம்ட்ஸ் கோட்டைக் கதவைத் தட்டுகிறார். உள்ளே அவருடைய தாய். கதவு திறக்கவில்லை. என் மகன் வெற்றியில்லாமல் திரும்புகிறவன் அல்லன், படைக்குப் போ, நாட்டுக்காக உயிரைக் கொடு என்று சொல்லி அனுப்பிவிடுகிறாள். அவர் கொம்பை ஊதி, சிதறிய படையைத் திரட்டி, வென்றும் விடுகிறார். மறக்குடித் தாயைப் பாடிய மொழியில் வளர்ந்தவர்களுக்கு இதன் ஈர்ப்பை விளக்க வேண்டியதில்லை.

அந்தப் போர் உண்மையாகவே நடந்தது. 1476 ஜூலை 26 அன்று ரஸ்போயேனியில், சுல்தான் இரண்டாம் மெஹ்மெத் நேரில் வந்து நடத்திய படையிடம் ஷ்டெஃபான் தோற்றார். ஆனால் அவருடைய தாய் ஓல்த்யா 1465 நவம்பரிலேயே இறந்துவிட்டார். அவருடைய கல்லறைக் கல் ப்ரோபோத்தா மடாலயத்தில் இருக்கிறது. தோல்விக்குப் பதினோரு ஆண்டு முன்பே இறந்தவர் கதவை மூடியிருக்க முடியாது.

இந்தக் கதை முதலில் எழுத்தில் வருவது இயோன் நெகுல்ச்சே என்ற மால்டாவிய வரலாற்றேட்டாளரிடம். அவர் காலம் 1672 முதல் 1745 வரை. போருக்கும் அவருக்கும் இடையே இரண்டரை நூற்றாண்டுக்கு மேல் இடைவெளி. செவிவழிக் கதைகள் நாற்பத்திரண்டைத் தனியாகத் தொகுத்து, நம்புகிறவர் நம்பலாம், நம்பாதவர் விட்டுவிடலாம் என்ற பொருளில் முன்குறிப்பும் எழுதி வைத்தார். அவருடைய கதையில் தாய் சொல்வதைக் கவனியுங்கள்: பறவை தன் கூட்டுக்குள்தான் மடியும், ஆகவே உள்ளே வராதே, மேற்கொண்டு போய்ப் படை திரட்டு, வெற்றி உனக்கே. இது போர்த் தந்திரம் தெரிந்த ஒருத்தியின் அறிவுரை. முற்றுகையிடப்படப் போகும் கோட்டைக்குள் மன்னன் அடைபட்டால் கதை முடிந்தது என்ற கணக்கு அதில் இருக்கிறது. நாட்டுக்காகச் சாவது என்ற பேச்சே இல்லை. அதைச் சேர்த்தவர் 19ஆம் நூற்றாண்டுக் கவிஞர் திமித்ரியே பொலிந்தினியானு. பள்ளிப் பாடமாகப் பரவியதும் அவருடைய வடிவம்தான்.

ருமேனியத் தேசியத் தொன்மங்களில் பெரும்பாலானவை இப்படித்தான் உருவாகின்றன. சம்பவத்தை யாரும் பொய்யாகப் படைப்பதில்லை. பெரும்பாலும் ஏதோ ஒன்று நடந்திருக்கிறது, அல்லது நடந்ததாக ஒரு பழைய ஏடு சொல்கிறது. பின்னால் வந்தவர்கள் அதற்குள் செருகுவது நோக்கத்தை. ஆகவே “இது நடந்ததா?” என்று கேட்டு நின்றுவிட்டால் போதாது. இந்த நோக்கம் முதன்முதலில் எந்த ஆண்டில், யாருடைய எழுத்தில் தோன்றுகிறது என்று தேட வேண்டும். விடை பெரும்பாலும் 1840க்கும் 1880க்கும் இடையில் விழும்.

இந்த முறைக்கு மிகப் பெரிய எடுத்துக்காட்டு மிஹாய் விட்யாசுல். இன்றைய ருமேனியா அப்போது வலாக்கியா, மால்டாவியா, டிரான்சில்வேனியா என்று தனித்தனி நாடுகளாகக் கிடந்தது. 1593இல் அவர் வலாக்கியாவின் மன்னரானார். 1595 மே மாதம் டிரான்சில்வேனியாவின் ஆட்சியாளர் சிகிஸ்மண்ட் பாத்தோரிக்கு அவரைக் கீழ்ப்பட்டவராக்கும் ஒப்பந்தம், அந்நாட்டின் தலைநகர் ஆல்பா யூலியாவில் ஏற்பட்டது. அதே ஆண்டு ஆகஸ்டில் கலுகரேனியில் சினான் பாஷாவின் ஒட்டோமான் படையைச் சதுப்பு நிலத்தில் திணறடித்தார். பாடப்புத்தகம் அந்த மாலையோடு நின்றுவிடும். அடுத்த நாள்களில் மிஹாய் பின்வாங்கினார், புகாரெஸ்டும் தர்கோவிஷ்தேயும் ஒட்டோமான்கள் கைக்குப் போயின. இலையுதிர்காலத்தில் சிகிஸ்மண்ட் பெரும்படையோடு வந்த பிறகுதான் அவர்களைத் தனூப் ஆற்றுக்கு அப்பால் தள்ள முடிந்தது.

1598இல் மிஹாய் ஹாப்ஸ்பர்க் பேரரசர் இரண்டாம் ருடால்ஃபுக்கு விசுவாசப் பிரமாணம் செய்தார். 1599 அக்டோபர் 28இல் ஷெலிம்பரில், அப்போது டிரான்சில்வேனியாவை ஆண்ட அந்திராஷ் பாத்தோரியைத் தோற்கடித்து, நவம்பர் 1 அன்று ஆல்பா யூலியாவுக்குள் நுழைந்தார். டிரான்சில்வேனியாவைப் பேரரசரின் பெயரால்தான் பிடித்தார். அந்தப் போரில் அவருக்குக் கைகொடுத்தவர்கள் ஹங்கேரிய மொழி பேசும் செக்கெலிகள். பறிபோன பழைய உரிமைகளை அவர் மீட்டுத் தருவார் என்பது அவர்கள் எதிர்பார்ப்பு. தப்பி ஓடிய அந்திராஷைக் கொன்றவர்களும் செக்கெலிகளே. 1600 மே மாதம் மால்டாவியாவும் கைக்கு வந்தது. மே 27 தேதியிட்ட ஆவணத்தில் வலாக்கியா, டிரான்சில்வேனியா, மால்டாவியா முழுவதற்கும் தலைவர் என்று பட்டம் போட்டுக்கொள்கிறார். செப்டம்பர் 18இல் மிரஸ்லாவில் பேரரசரின் தளபதி ஜார்ஜியோ பாஸ்தாவிடமே தோற்றார். மூன்று நாடுகளும் ஒரே கையில் இருந்தது ஏறத்தாழ நான்கு மாதம். 1601 ஆகஸ்டில் டுர்டா அருகே பாஸ்தாவின் ஆள்கள் அவரைக் கொன்றார்கள். அதற்குச் சில நாள் முன்புதான் இருவரும் ஒரே அணியில் நின்று குரஸ்லாவில் சிகிஸ்மண்டை வென்றிருந்தார்கள்.

இது சின்ன வாழ்க்கை அல்ல. மாபெரும் துணிச்சல்காரர், ஐரோப்பா முழுக்கப் பேசப்பட்டவர். ஆனால் ருமேனிய மொழி பேசுவோரை ஒரு நாடாக இணைப்பது அவர் எண்ணமாக இருந்தது என்பதற்கு அவருடைய ஆவணங்களில் சான்று இல்லை. டிரான்சில்வேனியாவை அங்கிருந்த பிரபுக்கள் சபையை வைத்துத்தான் ஆண்டார். அங்கிருந்த ருமேனியர்களுக்காக அவர் கேட்டவை மேய்ச்சல் உரிமை, ஆர்த்தடாக்ஸ் குருமாருக்குக் கட்டாய உழைப்பிலிருந்து விலக்கு போன்ற சிறு சலுகைகள். அந்த அளவில் அக்கறை இருந்தது. ஆனால் அந்த அக்கறையையே தேசத் திட்டம் என்று ஊதிப் பெருக்கினால் கணக்கு இடிக்கிறது. சொந்த நாடான வலாக்கியாவிலோ, விவசாயிகளை அவர்கள் அப்போதிருந்த நிலத்தோடு பிணைத்துப் பண்ணையடிமைகளாக்கிய ஏற்பாடு அவர் பெயரால்தான் வழங்குகிறது.

முக்கால் நூற்றாண்டு கழிந்தும் இந்த நோக்கம் யார் கண்ணுக்கும் தெரியவில்லை. 17ஆம் நூற்றாண்டு மால்டாவிய வரலாற்றேட்டாளர் மிரோன் கோஸ்தின், ருமேனிய மொழியில் எழுதியவர், ருமேனியர்களின் ரோமானியப் பூர்வீகத்தை வலியுறுத்தியவர். அவரே மிஹாயைக் கிறித்தவர்களிடையே இரத்தக்களரிக்குக் காரணமானவராகத்தான் பார்த்தார். மால்டாவியா அவருக்குத் தாய்நாடு, மிஹாய் அதன்மேல் படையெடுத்து வந்த அண்டை மன்னர்.

பார்வை திரும்பியது 1840களில். 1843இல் யாசி நகரில் மிஹாயில் கொகல்னிச்சியானு ஆற்றிய தொடக்க உரை, ருமேனிய மொழி பேசப்படும் நிலம் முழுவதையும் தாயகமாகக் கொண்டு வரலாறு எழுத வேண்டும் என்றது. வரைபடத்தில் அப்படி ஒரு நாடு கிடையாது. வலாக்கியாவும் மால்டாவியாவும் ஒட்டோமான் மேலாதிக்கத்திலும் ரஷ்யப் பாதுகாப்பிலும் கிடந்தன. டிரான்சில்வேனியா ஹாப்ஸ்பர்க் வசம். இனி உருவாக வேண்டிய நாட்டுக்கு ஒரு முன்னுதாரணம் தேவைப்பட்டது. அதைத் தேடிக் கொடுத்தவர் நிக்கொலாயே பல்செஸ்கு.

வலாக்கியாவில் நடந்த 1848 புரட்சியின் தலைவர்களில் ஒருவர் அவர். அந்தச் செப்டம்பர் 13 அன்று புகாரெஸ்டுக்கு வெளியே கொத்ரோச்சேனி முகாமுக்குப் போன புரட்சித் தலைவர்களை, புரட்சியை ஒடுக்க வந்த ஃபுவாத் பாஷாவின் ஒட்டோமான் படை கைது செய்தது. அவர்களில் பல்செஸ்குவும் இருந்தார். தப்பி, நாடு கடந்து, பாரிஸ் நூலகங்களில் அமர்ந்து மிஹாயின் வரலாற்றை எழுதத் தொடங்கினார். 1852இல் பலெர்மோவில் முப்பத்து மூன்று வயதில் இறந்தபோது நூல் முடியவில்லை. எழுத்தாளர் ஒதொபெஸ்கு அதைத் தொகுத்து 1870களின் இறுதியில் வெளியிட்டார். அதில் ஒரு பகுதிக்கே தேச ஒற்றுமை என்று தலைப்பு. இதைப் புரட்டு என்று ஒதுக்கிவிட எனக்கு மனமில்லை. பல்செஸ்கு மூலங்களைத் தேடிப் படித்தவர், விவசாயிகளைப் பிணைத்த குற்றத்தை மறைக்காமல் கண்டித்தவர். அவர் செய்தது ஒன்றுதான்: 1848இன் கனவை 1600இன் மனிதருக்குள் வைத்தார். அந்த ஒன்று போதுமானதாக இருந்தது.

அதே செப்டம்பர் 13இல் நகருக்குள் நடந்த இன்னொன்று, சிறு நிகழ்வு எப்படித் தொன்மமாகிறது என்பதை இன்னும் தெளிவாகக் காட்டும். ஒட்டோமான் படை ஸ்பிரீ குன்றின் பாசறைக்கு வந்தது. அங்கே கர்னல் ராது கோலெஸ்குவின் காலாட்படை. அந்த நேரத்தில் கேப்டன் பாவெல் ஸகனெஸ்குவின் தீயணைப்புக் கம்பெனியும் பாசறைக்குப் போய்ச் சேர, வழியில் உரசல், பிறகு துப்பாக்கிச்சூடு, சில மணி நேரச் சண்டை. முதலில் சுட்டது யார், எத்தனை பேர் செத்தார்கள் என்பதில் விவரணைகள் ஒத்துப்போவதில்லை. நகரம் விழுந்தது, புரட்சி முடிந்தது. போர்க்கணக்கில் எதையும் மாற்றாத மோதல் அது. ஆனால் தலைவர்கள் சண்டையின்றிக் கைதான நாளில் வேறு யார் போராடினார்கள் என்று பின்னால் தேடியபோது கிடைத்தவர்கள் இந்தத் தீயணைப்பு வீரர்கள்தான். வெற்றிடம் அவர்களை உயர்த்தியது. இன்று செப்டம்பர் 13 ருமேனியத் தீயணைப்பு வீரர் தினம், புகாரெஸ்டில் அந்தத் தேதியையே பெயராகக் கொண்ட சாலையும் அவர்களுக்கு ஒரு நினைவுச்சின்னமும் உண்டு. செத்தவர்களின் வீரம் பொய்யல்ல. திட்டமிட்ட தேசிய எதிர்ப்பு என்ற உருவம்தான் பின்னால் வந்தது.

தொன்மம் நிலைபெற எழுத்தாளர் மட்டும் போதாது. அதைத் தாங்கிய அமைப்புகள் வரிசையாக வந்தன. 1864இல், வலாக்கியாவும் மால்டாவியாவும் இணைந்த நாட்டை ஆண்ட கூசாவின் கல்விச் சட்டம் தொடக்கக் கல்வியைக் கட்டாயமாக்கியது. 1866இல் பின்னாளில் ருமேனிய அகாதமியாக மாறிய இலக்கியச் சங்கம் தொடங்கியது. 1872இல் தெயோதோர் அமான் கலுகரேனிப் போரை வரைந்தார். 1874இல் புகாரெஸ்ட் பல்கலைக்கழகத்தின் எதிரே மிஹாயின் குதிரைச் சிலை நின்றது. நாடு அப்போதும் பெயரளவில் ஒட்டோமான் மேலாதிக்கத்தில்தான் இருந்தது. சுதந்திரப் பிரகடனத்துக்கு இன்னும் மூன்று ஆண்டு. உருவத்துக்கு மட்டும் கற்பனை தேவைப்படவில்லை. இறகு செருகிய ரோமத் தொப்பி, அடர்ந்த தாடி எல்லாம் 1601இல் மிஹாய் பிராக் போனபோது ஏகிதியஸ் ஸாதெலர் செதுக்கிய படத்திலிருந்து வந்தவை. முகம் உண்மையாக இருந்தால், அதற்குப் பின்னால் வைக்கப்படும் எண்ணத்தையும் மக்கள் உண்மையென்று எடுத்துக்கொள்கிறார்கள்.

1918 டிசம்பர் 1இல் டிரான்சில்வேனிய ருமேனியர்களின் பேரவை இணைப்பை அறிவிக்கக் கூடிய இடம் ஆல்பா யூலியா. 1922 அக்டோபர் 15இல் மன்னர் ஃபெர்டினாண்ட் முடிசூடியதும் அங்கேயே, அதற்கென்றே கட்டிய பேராலயத்தை ஒட்டி. 1916இல் ஜெர்மானியப் படை நெருங்கியபோது தியாலு மடாலயத்திலிருந்து அகற்றிய மிஹாயின் தலையை 1920இல் அரசு மரியாதையோடு அந்த மடாலயத்துக்கே திரும்பக் கொண்டுவந்து வைத்தார்கள். இங்கே தொன்மமே வரலாற்றை நடத்தத் தொடங்குகிறது. 1600இல் மிஹாய் இணைப்பை எண்ணவில்லை என்றாலும், 1918இல் கூடியவர்கள் அவரை எண்ணித்தான் கூடினார்கள். தொன்மத்தைப் பிரித்துக் காட்டுகிறவர்கள் பலர் இந்தப் பாதியை விட்டுவிடுகிறார்கள்.

ஆட்சி மாறினால் நோக்கமும் மாறும். கம்யூனிஸ்டுகள் ஆட்சியைப் பிடித்தபின், 1947இல் மிஹாயில் ரோலரின் தலைமையில் வந்த பாடநூல் வர்க்கப் போராட்டத்தையும் ஸ்லாவியர்களின் பங்கையும் முன்னால் வைத்தது. அதில் மிஹாய் பிரபுக்களின் நலன் காத்தவராகச் சுருங்கினார். 1964க்குப் பிறகு கட்சி மாஸ்கோவிடமிருந்து விலகியபோது அவர் மறுபடி வளர்ந்தார். 1970களின் தொடக்கத்தில் அரசு ஆதரவோடு பெரும் திரைப்படமும் வந்தது. 1944 ஆகஸ்ட் 23க்கும் இதே கதிதான். அதே பெயர் கொண்ட 20ஆம் நூற்றாண்டு மன்னர் மிஹாய், ஹிட்லரோடு கூட்டு வைத்திருந்த சர்வாதிகாரி அந்தோனெஸ்குவை அரண்மனையில் கைது செய்வித்த அந்த நாள் முதலில் சோவியத் படை தந்த விடுதலையாகக் கொண்டாடப்பட்டது, பின்பு கட்சி நடத்திய ஆயுத எழுச்சி, அதன்பின் சமூக, தேசிய விடுதலைப் புரட்சி. 1989 வரை அது தேசிய தினம். மன்னரின் பங்கு ஒவ்வொரு வடிவத்திலும் ஓரத்தில்தான்.

இதன் உச்சம் 1980. ரோமானியருக்கு முன் இந்நிலத்தில் வாழ்ந்த டேசியர்களின் மன்னர் புரேபிஸ்தா “ஒருங்கிணைந்த, மையப்படுத்தப்பட்ட” அரசை நிறுவியதன் 2050ஆம் ஆண்டு என்று சௌஷெஸ்குவின் கம்யூனிஸ்ட் ஆட்சி நாடெங்கும் விழா எடுத்தது. புரேபிஸ்தாவைப் பற்றி நமக்குத் தெரிவது கிரேக்கப் புவியியலாளர் ஸ்த்ராபோவின் சில வரிகள், ஆறாம் நூற்றாண்டு வரலாற்றாசிரியர் யோர்தானெஸின் குறிப்பு, டியோனிசோபொலிஸ் கல்வெட்டு, இன்னும் சில துணுக்குகள். அரசு நிறுவிய ஆண்டு என்று எதையும் எந்த மூலமும் தரவில்லை. கி.மு. 70 என்று கொண்டு கூட்டியிருக்கிறார்கள். அந்தக் கணக்கும் பிசகு. கி.மு. 1க்கு அடுத்தது கி.பி. 1, பூஜ்ய ஆண்டு இடையில் கிடையாது. ஆகவே 1980இல் ஆனது 2049 ஆண்டுகளே.

ரோவினே, போசாதா என்ற இரண்டு போர்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். வலாக்கியா மன்னர் மிர்ச்சேயா ஒட்டோமான் சுல்தான் பயேஸித்தை எதிர்த்த ரோவினே போரின் ஆண்டு 1394ஆ 1395ஆ என்பதே முடிவாகவில்லை, இடமும் தெரியாது. முழு வெற்றி என்று சொல்வதும் கடினம். சிறிது காலத்திலேயே வேறொருவர் அரியணையில் இருக்கிறார். பள்ளியில் நிலைத்தது 1881இல் எமினெஸ்குவின் கவிதை காட்டிய மிர்ச்சேயா, ஏழ்மையையும் குலத்தையும் காக்க நிற்கும் முதியவர். ருமேனியா முடியரசான ஆண்டும் 1881. போசாதாவில் 1330 நவம்பரில் வலாக்கியாவின் பசராப், ஹங்கேரிய மன்னர் கரோய் ரோபர்ட்டின் படையைக் கணவாயில் நசுக்கியது உறுதி. மலையுச்சியிலிருந்து கல்லுருட்டும் படங்கள் ஹங்கேரிய ஓவிய வரலாற்றேட்டிலேயே உண்டு. ஆனால் அந்த ஏட்டில் இடப்பெயர் இல்லை. போசாதா பிற்கால வரலாற்றாசிரியர்கள் ஒட்டிய பெயர்.

இவற்றைச் சரிபார்க்க விரும்புகிறவர் முதலில் நாள்காட்டியைப் பார்க்க வேண்டும். வலாக்கியாவும் மால்டாவியாவும் ஜூலியன் நாள்காட்டியில் இருந்தன, டிரான்சில்வேனியா 16ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே கிரிகோரியனுக்கு மாறிவிட்டது. அதனால் கலுகரேனி ஒரு நூலில் ஆகஸ்ட் 13, இன்னொன்றில் ஆகஸ்ட் 23. ருமேனியா 1919 ஏப்ரலில்தான் மாறியது. அரசு விழாக்களிலும் இந்தக் கலப்பு உண்டு: வலாக்கியாவும் மால்டாவியாவும் இணைந்த 1859இன் ஜனவரி 24 ஜூலியன் தேதி, இன்றைய கணக்கில் அது பிப்ரவரி 5. 1918இன் டிசம்பர் 1 கிரிகோரியன் தேதி. இரண்டும் எண் மாறாமல் கொண்டாடப்படுகின்றன. தேதி முரண்பட்டால் நூலாசிரியர் தவறிவிட்டார் என்று பாய்வதற்கு முன் பத்து நாள் வித்தியாசமா (16, 17ஆம் நூற்றாண்டுகள்), பன்னிரண்டு நாளா (19ஆம் நூற்றாண்டு) என்று பாருங்கள்.

அடுத்து, அதே சம்பவத்தை எதிரணி எப்படி எழுதியது என்பது. மிஹாயைப் படிக்க ஹங்கேரிய, சாக்ஸன் (டிரான்சில்வேனிய ஜெர்மானியர்), போலிஷ் குறிப்புகள் வேண்டும். அவர்களுக்கும் சொந்த நோக்கம் உண்டு, ஆனால் நோக்கங்கள் மோதும் இடத்தில் சம்பவம் தனியே துலங்கும். யார் யாரோடு நின்றார்கள் என்ற பட்டியலும் உதவும். செக்கெலிகள் மிஹாய்க்காகப் போரிட்டதும், ரோவினேயில் செர்பிய இளவரசன் மார்கோ ஒட்டோமான் தரப்பில் நின்று இறந்ததும், மொழிவாரித் தேச எல்லைகளுக்குள் அடங்காத செய்திகள்.

இதில் எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. மிஹாய் வெறும் கூலிப்படைத் தலைவன், நாடுபிடிக்கும் ஆசைக்காரன், அவ்வளவுதான் என்று எழுதுகிறவர்களும் சான்றில்லாத ஒரு நோக்கத்தையே வைக்கிறார்கள். ஒட்டோமான் நெருக்கடி, கடன், பேரரசரின் நிதி, போலந்து ஆதரவு பெற்ற மால்டாவியா முதுகில் நிற்கும் ஆபத்து என்று அவர் நகர்வுகளுக்குக் காரணங்கள் ஆவணங்களிலேயே இருக்கின்றன. அவற்றைச் சொன்னால் போதும். 1999இல் பன்னிரண்டாம் வகுப்புக்கு வந்த மாற்றுப் பாடநூல் ஒன்று தேசிய நாயகர்களைச் சுருக்கியும் தொன்மங்களைக் கேள்விக்குள்ளாக்கியும் எழுதியபோது, நாடாளுமன்றத்திலும் தொலைக்காட்சியிலும் புயல் கிளம்பியது. விவாதம் மூலங்களைத் தொடவே இல்லை என்பதுதான் எனக்கு வருத்தம். நாயகர்களுக்கு எத்தனை வரி என்பதிலேயே அது நின்றுவிட்டது.

கால இடைவெளியை வைத்து அளக்கும் முறை தோற்கும் இடமும் உண்டு. 1877 சுதந்திரப் போரில் வஸ்லுயியிலிருந்து ஒன்பது பேர், சார்ஜென்டோடு பத்துப் பேர் புறப்பட்டதாகப் பாடும், கவிஞர் அலெக்சாந்திரியின் கவிதை, போர் நடந்த காலத்திலேயே எழுதப்பட்டது. அதன் நாயகன் பெனெஷ் குர்கானுலுக்குப் பின்னால் கான்ஸ்டன்டின் த்சுர்கானு என்ற உண்மைச் சிப்பாய் இருந்தார், போருக்குப் பின் பல பத்தாண்டுகள் வாழ்ந்தார். தொன்மம் உருவானபோது அதன் ஆள் உயிரோடு இருந்தார், மக்களும் அவரைக் கவிதையின் பெயராலேயே அழைத்தார்கள். இத்தகைய இடத்தில் ஆண்டுகளை எண்ணிப் பயனில்லை. படைப்பிரிவின் பதிவேட்டையும் கவிதையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வரி வரியாக ஒப்பிட வேண்டியதுதான்.